ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தவர்கள்

மெல்லிய ஏடாகப் பால் பரவியிருக்கிறது. மேலிருந்து ஒரு சொட்டு விழ, விழுந்த இடத்தைச் சுற்றிப் பால் கிரீடமாக எழும்புகிறது. கிரீடத்தின் முனைதோறும் ஒரு முத்து கழன்று நிற்கிறது. ஹெரால்டு எட்ஜெர்டன் 1957-ல் எடுத்த இந்தக் கலர்ப் படம் உலகப் பிரசித்தம். இதே காட்சியை அவர் 1930-களிலேயே கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டார் என்பதுதான் அதிகம் பேசப்படாத செய்தி. இடையில் இருபது ஆண்டுகள் போயிருக்கின்றன. எட்ஜெர்டன் அமெரிக்காவின் எம்ஐடியில் மின்பொறியியல் பேராசிரியர். சுழலும் மோட்டாரை ஆராய, விட்டு விட்டு மின்னும் விளக்கைப் பயன்படுத்தி வந்தவர், அந்த விளக்கைப் பால்சொட்டின் பக்கம் திருப்பினார். 1964-ல் ஆப்பிளைத் துளைத்துக்கொண்டு போகும் தோட்டாவையும் அதே வெளிச்சத்தில் பிடித்தார். பொருள் எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: விளக்கு எந்தக் கணத்தில் மின்ன வேண்டும்?

புகைப்படத்தில் பரிசோதனை என்றால் புது ஆப், புது ஃபில்டர், புது லென்ஸ் என்று ஆகிவிட்ட காலம் இது. ஒரே படத்தில் நிறத்தையும் மாற்றி, கோணத்தையும் மாற்றி, எடிட்டிங்கில் ஏழெட்டு வேலைகளையும் செய்துவிட்டு, நன்றாக வந்தால் எதனால் வந்தது என்று தெரியாமலேயே அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். அப்படி எடுப்பதில் கண்ணுக்குப் பயிற்சி கிடைப்பதில்லை என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கலையின் வரலாற்றில் பார்வையைக் கூர்மையாக்கிய சோதனைகளை எடுத்துப் பார்த்தால், அவற்றைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஒன்றை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மற்றதை அசைக்கவில்லை. சலிக்காமல் திரும்பச் செய்திருக்கிறார்கள்.

கேமராவையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பது மிகப் பழைய கேள்வி. 1842-ல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் முறைக்கு லென்ஸும் வேண்டாம், இருட்டறையும் வேண்டாம். ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இரண்டின் கரைசலையும் கலந்து மங்கிய வெளிச்சத்தில் காகிதத்தில் பூசி, உலர்த்தி, மேலே ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலச வேண்டும். வெயில் பட்ட இடம் நீலமாகும். மறைந்த இடம் வெள்ளையாகவே நிற்கும். பின்னாளில் என்ஜினியர்கள் புளூபிரின்ட் எடுத்ததும் இதே முறையில்தான். ஹெர்ஷலின் குடும்ப நண்பரான ஆனா அட்கின்ஸ் ஒரு தாவரவியலாளர். பிரிட்டனின் கடற்பாசிகளை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் பரப்பி, 1843-ல் தொடங்கிப் பத்தாண்டுகள் பகுதி பகுதியாக வெளியிட்டார். புகைப்படங்களால் ஆன முதல் புத்தகமாக அது கருதப்படுகிறது. அந்தத் தாள்களை உற்றுப் பார்க்க வேண்டும். பாசி ஒற்றை மடிப்பாக இருக்கும் இடத்தில் வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவி வெளிர்நீலம் தெரியும். இரண்டு இழைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் இடத்தில் வெள்ளை கூடும். பாசியின் தடிமனை வெயிலே அளந்து காட்டியிருக்கிறது. நம் ஊர் மொட்டைமாடியில் வேப்பிலை ஒன்றையும் முருங்கை இணுக்கு ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு தாளை இரண்டு நிமிடம், அடுத்ததை நான்கு, அதற்கடுத்ததை எட்டு என்று காட்டிப் பார்ப்பவருக்கு எக்ஸ்போஷர் என்பது என்ன என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது.

பாரிஸில் புகைப்படக் கலைஞர் மேன் ரே 1922-ல் இதே வித்தையை வெள்ளி உப்புப் பூசிய காகிதத்தில், இருட்டறை விளக்கடியில் செய்தார். ஜெர்மனியில் மொஹோலி-நாகியும் அப்போது அதைத்தான் செய்துகொண்டிருந்தார். எனக்கு அவற்றைவிட முக்கியமாகப் படுவது அதே பாரிஸ் இருட்டறையில் 1929 வாக்கில் நடந்த ஒரு விபத்து. மேன் ரேயின் உதவியாளராகவும் துணையாகவும் இருந்த லீ மில்லர் பின்னாளில் சொன்ன கதை இது: காலின்மேல் ஏதோ ஊர்ந்து போக, அவர் பதறி விளக்கைப் போட்டுவிட்டார். பாதி கழுவிய நெகட்டிவ்கள்மேல் வெளிச்சம் பாய்ந்தது. உருவங்களின் விளிம்பில் கறுத்த கோடு வந்தது. நிழலும் வெளிச்சமும் இடம் மாறின. வெளிச்சத்தின் இந்த விளைவு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டதுதான். ஆனால் இருவரும் நெகட்டிவ்களைத் தூக்கியெறியவில்லை. எவ்வளவு கழுவிய பிறகு, எவ்வளவு நேரம் வெளிச்சம் காட்டினால் அந்தக் கோடு வரும் என்று தேடிப் பிடித்து, தேவைப்பட்டபோது வரவழைத்தார்கள். விபத்து யாருக்கும் நேரும். அதை இரண்டாம் முறை வேண்டுமென்றே செய்து பார்க்கும்போதுதான் பரிசோதனை தொடங்குகிறது.

எட்வர்டு வெஸ்டனின் குடமிளகாய்ப் படத்தில் விசித்திரம் எதுவும் இல்லை, அதனாலேயே பலர் அதைப் பரிசோதனையில் சேர்ப்பதில்லை. நான் சேர்ப்பேன். கலிபோர்னியாவில் 1930 ஆகஸ்டில் மிளகாயை வெள்ளைத் துணிமுன் வைத்தும் வேறு பின்னணிகளில் வைத்தும் எடுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு தகரப் புனலைக் கிடத்தி அதன் வாய்க்குள் வைத்தார். புனலின் உட்சுவர் வெளிச்சத்தை நாலா பக்கமிருந்தும் மிளகாய்மேல் திருப்பிவிட்டது. முதுகும் தோளும் போல மிளகாயின் வளைவுகள் இருட்டிலிருந்து மெல்லப் புடைத்து வந்தன. படத்தின் பெயரே ‘மிளகாய் எண் 30’. அதற்கு முந்தைய எண்கள் அந்தப் பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன.

நேரத்தை வைத்துச் செய்த சோதனைகளில்தான் இந்தத் துறையின் வளம் அதிகம் என்று நினைக்கிறேன். எர்ன்ஸ்ட் ஹாஸ் வியன்னாக்காரர். 1950-களின் கலர் ஃபிலிம் வெளிச்சத்துக்கு மிகவும் மந்தம். ஓடும் மாட்டை உறையவைக்கும் அளவுக்கு ஷட்டரை வேகமாக்க முடியாத நேரங்கள் நிறைய. மற்றவர்கள் அதைக் குறையாக நினைத்தார்கள். ஹாஸ் ஷட்டரை இன்னும் மெதுவாக்கி, ஸ்பெயினின் காளைச் சண்டையில் மாட்டோடு சேர்த்துக் கேமராவையும் நகர்த்தினார். சிவப்புத் துணி தீற்றலாக இழுபட்டது. மாட்டின் கொம்பு மட்டும் ஓரளவு நின்றது. 1962-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருடைய கலர்ப் படங்களுக்குத் தனிக் கண்காட்சி வைத்தது.

ஹிரோஷி சுகிமோட்டோவின் கேள்வி இன்னும் எளியது: ஒரு முழுச் சினிமாவையும் ஒரே ஃபிரேமில் எடுத்தால் என்ன ஆகும்? 1970-களின் பிற்பாதியில் நியூயார்க்கில் ஒரு மலிவுக் கட்டண தியேட்டருக்குள் பெரிய கேமராவோடு போய், படம் தொடங்கியதும் ஷட்டரைத் திறந்தார்; முடிந்ததும் மூடினார். ஆயிரக்கணக்கான காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து திரை வெறும் வெள்ளைச் செவ்வகமாகிவிட்டது. அந்த வெள்ளையே விளக்காகி, காலி நாற்காலிகளையும் சுவரின் பூவேலைப்பாட்டையும் காட்டிக் கொடுத்தது. அதன்பின் பல பத்தாண்டுகளாக அவர் தியேட்டரை மட்டுமே மாற்றிக்கொண்டு போனார். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அலெக்ஸி டிடரென்கோ 1990-களின் தொடக்கத்தில் மெட்ரோ நிலையப் படிக்கட்டின்முன் கேமராவை நிறுத்தி நீண்ட எக்ஸ்போஷரில் கூட்டத்தை எடுத்தார். உடல்கள் புகையாகிப் படியேறுகின்றன. கைப்பிடியைப் பிடித்திருந்த கைகள் சில மட்டும் தெளிவாக நிற்கின்றன. சோவியத் ஒன்றியம் உடைந்து ரேஷனுக்கும் வேலைக்கும் மக்கள் அலைந்த காலம் அது. நீண்ட எக்ஸ்போஷர் இங்கே அலங்காரமாக இல்லை. அந்த ஊர் அன்று இருந்த நிலைக்கு வேறு எந்த ஷட்டர் வேகமும் பொருந்தியிருக்காது.

நிற்கும் இடத்தை மாற்றிப் பார்த்தவர்களில் தமிழருக்கு நெருக்கமானவர் ஒருவர் உண்டு. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னியஸ் டிரைப், 1858-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளைப் படமெடுக்க வேண்டியிருந்தது. தூரத்தில் நின்றால் எழுத்து தெரியாது. நெருங்கினால் சுவர் முழுதும் அடங்காது. அவர் சுவரை ஒட்டியே நகர்ந்து நகர்ந்து 21 காகித நெகட்டிவ்களை எடுத்து, பிரின்டுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். ஒரே இடத்தில் நின்று பார்க்கிற எந்தக் கண்ணும் அப்படி ஒரு சுவரைப் பார்த்திருக்க முடியாது. நூறாண்டுக்கு மேல் கழித்து டேவிட் ஹாக்னி 700-க்கும் மேற்பட்ட பிரின்டுகளை ஒட்டி ஒரு கலிபோர்னியச் சாலைச் சந்திப்பை 1986-ல் உருவாக்கியபோது உலகமே பேசியது. ஹாக்னிக்கு அந்தப் பேச்சு தகும். டிரைப்பின் தஞ்சைச் சுவருக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

கண்ணாடியில் செய்த இரு சோதனைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது பயன் தரும். 1916-17-ல் லண்டனில் ஆல்வின் லாங்டன் கோபர்ன் மூன்று கண்ணாடிகளை லென்ஸுக்கு முன் பொருத்தி, பொருள்களைச் சில்லுச் சில்லாக உடைத்துக் காட்டினார். துணிச்சலான முயற்சிதான். ஒரு கண்காட்சியோடு ஏறக்குறைய நின்றுவிட்டது. ஹங்கேரிக்காரரான ஆந்த்ரே கெர்டெஸ் 1917-ல் தண்ணீருக்கடியில் நீந்துபவரின் உடல் நெளிந்து நீள்வதைப் படமாக்கினார். 1933-ல் பாரிஸில் உருவத்தைக் குழப்பிக் காட்டும் வளைந்த கண்ணாடிகளை வைத்து ஏறக்குறைய 200 படங்கள் எடுத்தார். 1977-ல் மனைவி எலிசபெத் இறந்தார். தனியராகிவிட்ட கெர்டெஸ், நியூயார்க் வீட்டு ஜன்னலில் ஒரு சிறிய கண்ணாடிச் சிலையை வைத்து போலராய்டில் எடுக்கத் தொடங்கினார். அந்தச் சிலையின் தோளிலும் கழுத்திலும் அவர் எலிசபெத்தைக் கண்டார். வெளியே நிற்கும் கட்டடங்கள் சிலைக்குள் தலைகீழாக வளைந்து தெரியும். மாலையில் சிலை பொன்னிறமாகும். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. தண்ணீர், கண்ணாடி, மறுபடி கண்ணாடி: வெளிச்சம் வளையும்போது உருவம் என்னவாகிறது என்ற ஒரே கேள்வியை அறுபதாண்டுகள் கேட்டிருக்கிறார். மூப்பில் துக்கம் வந்தபோது அதைச் சொல்ல அவரிடம் ஒரு மொழி தயாராக இருந்தது. கோபர்னிடம் திறமை குறைவில்லை. அவர் தங்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நம் கையில் இருக்கும் செல்பேசிக்கு வரலாம். அதில் ‘புரோ மோட்’ இருந்தால் ஷட்டர் வேகத்தையும் ஐஎஸ்ஓவையும் நாமே நிறுத்திவைக்க முடியும். ஒரு கணக்கு மட்டும் நினைவில் இருக்க வேண்டும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100-ல், லென்ஸ் துளை எஃப் 16 என்றால் ஷட்டர் சுமார் 1/100 விநாடி. செல்பேசி லென்ஸின் துளை பெரும்பாலும் எஃப் 1.8 அளவில் நிலைத்திருப்பதால் அதே வெயிலுக்கு 1/8000 விநாடி தேவை. பகலில் அரை விநாடி திறந்துவைத்தால் படம் வெளுத்துப்போகும். ஹாஸ் செய்ததைச் செய்ய விரும்புபவர் பொழுது சாயும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது லென்ஸின்முன் கறுப்பு ஃபில்டர் பிடிக்க வேண்டும்.

செல்பேசிக்கென்றே ஒரு சோதனை உண்டு. அதன் முன்னோடி ழாக் ஆன்ரி லார்த்திக்கின் கார்ப் பந்தயப் படம். 1910-களின் தொடக்கத்தில் எடுத்தது. அதில் காரின் சக்கரம் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்த்திசையில் சாய்ந்திருக்கிறார்கள். காரணம், அந்தக் கேமராவின் ஷட்டர் ஒரு குறுகிய பிளவாகத் தகட்டைக் கடந்துபோனது. அது கடப்பதற்குள் காரும் நகர்ந்தது, லார்த்திக்கின் கேமராவும் திரும்பியது. நம் செல்பேசியின் சென்சாரும் படத்தை ஒரே கணத்தில் எடுப்பதில்லை, ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை வரிவரியாகப் படிக்கிறது. ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் அருகிலுள்ள மின்கம்பங்கள் சாய்வது இதனால்தான்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் பகலில் போகும் வண்டி ஒன்றில் ஜன்னலோரம் உட்காருபவர் இதைச் செய்து பார்க்கலாம். செல்பேசி ஜன்னலுக்கு உள்ளேயே இருக்கட்டும். வண்டி ஒரே வேகம் பிடித்த பிறகு, முதலில் செல்பேசியைக் கிடையாகப் பிடித்து எடுத்தால் கம்பம் சாயும். அதைத் தலைகீழாகப் புரட்டிக் கிடையாகவே எடுத்தால் கம்பம் மறுபக்கம் சாயும். நெட்டாகப் பிடித்தால் சாயாது. தடிக்கும் அல்லது மெலியும். நெட்டாகவே தலைகீழாக்கினால் தடித்தது மெலியும், மெலிந்தது தடிக்கும். கம்பத்துக்கு அப்பால் நிற்கும் பனையில் இந்த மாற்றம் குறைவாகவும் அடிவானத்துக் குன்றில் அநேகமாக இல்லாமலும் இருக்கும். விழுப்புரம் தாண்டித் தொடங்கினால், விருத்தாசலம் வருவதற்குள் அடுத்த கம்பம் எந்தப் பக்கம் எவ்வளவு சாயும் என்பதைப் படம் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடலாம்.