கோபுரத்தில் எத்தனை பேர்?

2002 ஜூலை 1 அன்று இரவு, ஜெர்மனியின் தெற்கு எல்லையில் உள்ள யூபர்லிங்கன் நகருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். ஒன்று டிஹெச்எல் சரக்கு விமானம். மற்றொன்று மாஸ்கோவிலிருந்து பார்சிலோனா போன ரஷ்ய விமானம். அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் உஃபா நகரத்துப் பிள்ளைகள். அந்த வான்பரப்பைக் கவனித்துவந்த சுவிஸ் நிறுவனமான ஸ்கைகைட், மோதலுக்கு ஏறக்குறைய 90 விநாடிக்கு முன்பே ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டதாக முதலில் கூறியது. விமானிகள்தான் தாமதித்தார்கள் என்ற எண்ணம் செய்திகளில் பரவியது. அவர்களுக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லையோ என்றுகூட ஊகித்தார்கள். மறுநாள் அந்த 90 விநாடி 50 ஆகச் சுருங்கியது. பதிவுகளை ஆராய்ந்த பின் 44 என்று தெரிந்தது.

வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு பற்றிய செய்தி எழுத்தின் அடிப்படைப் பலவீனம் இங்கே தெரிகிறது. அது கடைசி ஒரு நிமிடத்தை அளக்கிறது. கட்டுப்பாட்டாளர் எப்படி வேலை செய்தார் என்பதோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, ஷிஃப்ட் அட்டவணையிலும் பராமரிப்புத் திட்டத்திலும் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

சூரிச் கட்டுப்பாட்டு அறையில் அன்றிரவு பணியில் இருந்தவர்கள் இருவர். ஒருவர் ஓய்வெடுக்கப் போயிருந்தார். இரவில் ஒருவரே பார்த்துக்கொள்வது மேலதிகாரிகளுக்குத் தெரிந்தே பல ஆண்டுகளாக நடந்துவந்த வழக்கம். மற்றவர் இரண்டு திரைகளுக்கு இடையே மாறி மாறி நகர்ந்துகொண்டு, தாமதமாக வந்த வேறொரு விமானத்தை ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனில் இறக்க முயன்றுகொண்டிருந்தார். பராமரிப்பு வேலைக்காகப் பிரதான தொலைபேசி இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்று இணைப்பும் பழுது. மோதல் எச்சரிக்கை அவருடைய திரையில் தோன்றவில்லை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ கட்டுப்பாட்டு மையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பத் திரும்ப அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. கடைசியில் அவர் ரஷ்ய விமானத்தைக் கீழே இறங்கச் சொன்னபோது, விமானத்தில் இருந்த 'டீகாஸ்' மோதல் தவிர்ப்புக் கருவி மேலே ஏறச் சொன்னது. விமானிகள் மனிதக் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். சரக்கு விமானம் தன் கருவி சொன்னபடி கீழே இறங்கியது.

இவ்வளவும் 2004 மே மாதத்தில் வெளிவந்த விசாரணை அறிக்கையில் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே, விபத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்த ஒருவர், அந்தக் கட்டுப்பாட்டாளரை அவர் வீட்டிலேயே குத்திக் கொன்றுவிட்டார். கொலைக்குப் பத்திரிகைகளைக் காரணம் காட்டுவது நியாயமில்லை. ஆனாலும் 2007இல் சுவிஸ் நீதிமன்றம் ஸ்கைகைட் ஊழியர்கள் நால்வரைக் குற்றவாளிகள் என்றபோது அவர்களில் மூவர் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்கள் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்? ஐந்து ஆண்டுகள் கடந்த விபத்துக்குச் செய்தியில் அவ்வளவு இடம் கிடைப்பதில்லை.

முதல் நாளே தீர்ப்புச் சொல்லும் அவசரம் இப்போது கூடியிருக்கிறது. 2025 ஜனவரி 29 இரவு, வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்கவிருந்த பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தன. 67 பேர் இறந்தார்கள். விமானம் கண்ணில் படுகிறதா, அதற்குப் பின்னால் கடந்து போங்கள் என்று கோபுரத்திலிருந்து ஹெலிகாப்டருக்குச் சொன்ன ஒலிப்பதிவு உடனே ஊடகங்களில் சுற்றத் தொடங்கியது. கேட்டவர்கள் எல்லோரும் தீர்ப்புச் சொல்ல அது போதுமானதாக இருந்தது. மறுநாள் அதிபர் டிரம்ப், எந்த ஆதாரமும் வெளிவராத நிலையில், பன்முகத்தன்மையைப் பேணும் பணி நியமனக் கொள்கையின் மீது பழிபோட்டார். அதுவே தலைப்புச் செய்தியும் ஆயிற்று. இரண்டு வாரம் கழித்து, தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஒரு தகவலை வெளியிட்டது: பின்னால் கடந்து போகச் சொன்ன அந்த நொடியில் ஹெலிகாப்டரின் மைக் பொத்தான் அழுந்தியிருந்தது, எனவே அந்தச் சொற்கள் அவர்கள் காதில் விழாமல் போயிருக்கலாம். நாடே கேட்ட கட்டளை, கேட்க வேண்டியவர்களை எட்டாமலே இருந்திருக்கலாம். கோபுரத்தின் ஒலிப்பதிவை விமானி அறையின் ஒலிப்பதிவாக எண்ணி ஒளிபரப்புவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அதே ஊடகங்கள்தான், ஹெலிகாப்டர்களையும் விமானங்களையும் அன்று ஒரே கட்டுப்பாட்டாளர் கவனித்தார் என்பதை ஒரே நாளில் வெளிக்கொண்டுவந்தன. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

மார்ச் மாதத்தில் வந்த புள்ளிவிவரம் இன்னும் கலக்கமானது. 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை அந்த நிலையத்தில் நடந்த 9,44,179 வணிக விமான இயக்கங்களை வாரியம் ஆராய்ந்தது. ஹெலிகாப்டரும் விமானமும் ஆபத்தான அளவுக்கு நெருங்கிய சந்தர்ப்பங்கள் 15,214. அவற்றில் 85 தடவை, பக்கவாட்டில் 1,500 அடிக்கும் குறைவு, உயரத்தில் 200 அடிக்கும் குறைவு. ஹெலிகாப்டர் விதிப்படி பறந்தாலும், 33ஆம் ஓடுபாதைக்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் இடையே 75 அடிதான் இருக்கக்கூடும் என்றும் வாரியம் சொன்னது. இந்தத் தரவு அரசின் கையிலேயே இருந்தது. அதைக் கூட்டிப் பார்க்க 67 சாவுகள் வேண்டியிருந்தன.

சாவுக்கு முன்பே கூட்டிப் பார்த்த எழுத்தும் உண்டு. 2023இல் நியூயார்க் டைம்ஸ் நடத்திய புலனாய்வு, அமெரிக்காவின் 313 கட்டுப்பாட்டு நிலையங்களில் 3 மட்டுமே ஆள் எண்ணிக்கை இலக்கை எட்டியிருந்தன என்று காட்டியது. வாரம் ஆறு நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் என்று வேலை செய்தவர்களின் களைப்பை அது பதிவு செய்தது. 2024 ஏப்ரலில், இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையே 10 மணி நேர ஓய்வு கட்டாயம் என்று விமானப் போக்குவரத்து நிர்வாகம் அறிவித்தது. இந்தத் துறையைப் பற்றி நான் படித்த செய்தி எழுத்தில் ஆகச் சிறந்தது அந்தப் புலனாய்வே.

அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தப் புலனாய்வு சுட்டிய மயிரிழைத் தப்பல்களில் பல, விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் தாமாக முன்வந்து நாசாவின் ரகசியப் பதிவேட்டில் எழுதியவை. 1976 முதல் இயங்கும் அந்த ஏற்பாட்டின் உயிர் நம்பிக்கையில் இருக்கிறது: தன் தவறைச் சொன்னவர் அதற்காகத் தண்டிக்கப்படுவதில்லை. அத்தகைய குறிப்புகள் பரபரப்புத் தலைப்புகளாக மாறும்போது, அடுத்தவர் எழுதத் தயங்குவார். எழுதாத தவறுகளைத் திருத்த வழியில்லை. அதனால் வெளியிடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மறைக்கப்பட்ட ஆள் பற்றாக்குறை அதைவிட ஆபத்தானது. எத்தனை இயக்கங்களில் இத்தனை என்ற கணக்கைச் சேர்த்து, ஆளை அடையாளம் காட்டாமல் எழுத வேண்டும்.

கட்டுப்பாட்டாளர்களை எப்போதும் பலியாடுகளாகக் காட்டுவதும் உண்மைக்குப் புறம்பு. 2023 பிப்ரவரி 4 காலை, கடும் மூடுபனியில் ஆஸ்டின் விமான நிலையத்தில் ஃபெட்எக்ஸ் விமானம் இறங்கிக்கொண்டிருந்தபோதே, அதே ஓடுபாதையில் சவுத்வெஸ்ட் விமானம் புறப்பட அனுமதி கிடைத்தது. ஃபெட்எக்ஸ் விமானிகள் கண்டுபிடித்து மேலே ஏறியதால்தான் எல்லோரும் பிழைத்தார்கள். இடைவெளி 200 அடிக்கும் குறைவு. கட்டுப்பாட்டாளரின் தவறான கணிப்பே காரணம் என்று விசாரணை தெளிவாகச் சொன்னது. அங்கே தரை ரேடார் இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னது. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதும் பொறுமை செய்தியாளருக்கு வேண்டும்.

ஆசிரியர் குழுவினரிடம் கேட்பது இரண்டுதான். முதல் நாள் செய்தியில், தவறு யாருடையது என்பதற்கு முன்னால், கோபுரத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். இறுதி அறிக்கை வரும் நாளில், விபத்து நாளன்று கொடுத்த அதே முதல் பக்கத்தை அதற்கும் கொடுங்கள்.