காதால் அளக்கும் குதிரைகள்

பல்லடம் பக்கத்து விவசாயி கிணற்றுக்கு மோட்டார் வாங்கப் போனால் முதலில் கேட்பது எத்தனை ஹெச்.பி. என்றுதான். ஐந்தா, ஏழரையா, பத்தா? அடுத்த கேள்வி, இத்தனை அடி ஆழத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்பது. கோயமுத்தூரின் பம்ப்செட் தொழில் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லியே வளர்ந்தது. மேடையில் ஏற்றி ஓட்டிப் பார்த்து, தண்ணீரை அளந்து, எண்ணைத் தகட்டில் பொறித்த பிறகுதான் பம்ப் வெளியே போகும். ஆனால் அதே சீமையில் ஒரு பழைய மாருதி 800-க்குப் 'பவர் ஏத்தி'க் கொடுத்தால் மட்டும் எண்ணை யாரும் கேட்பதில்லை. மெக்கானிக் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிப்பார். சைலன்சர் உறுமும். வண்டிக்காரர் தலையாட்டிவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

பவர் ஏற்ற ஆசைப்படுவதில் தவறில்லை. 1983 டிசம்பரில் முதல் வண்டி சாவி கைமாறியதிலிருந்து 2014-ல் உற்பத்தி நிற்கும்வரை இந்த நாட்டு நடுத்தரக் குடும்பங்களைச் சுமந்த கார் அது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., கார்புரேட்டர் மாடலில் சுமார் 37 குதிரைத்திறன். பல்லடத்திலிருந்து அவிநாசி, அன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை சமதளத்தில் அது போதும். கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கதை மாறும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சின் உறிஞ்சுகிற காற்று குறைந்தால் திறனும் குறையும். 37 குதிரையில் ஏழு குதிரை வழியிலேயே கழன்றுகொள்ளும். அந்த நேரத்தில் ஐந்து பேரும் ஏ.சி.யும் என்றால், "வண்டி இழுக்கமாட்டேங்குதுங்க" என்பது நியாயமான புகார்தான்.

அதற்குப் பட்டறைகள் சொல்லும் வைத்தியங்களை எண்ணால் உரசிப் பார்க்கலாம். முதலாவது, போரை ஒரு சுற்று பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. இந்த எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் நகரும் நீளம் 72 மி.மீ. விட்டத்தை அரை மில்லிமீட்டர் கூட்டினால் 796 சி.சி. 808-க்குப் பக்கத்தில் வரும். கூடுவது நூற்றுக்கு ஒன்றரை. 37-ல் அது அரைக் குதிரை. தேய்ந்த எஞ்சினுக்கு ரீபோர் அவசியமான வேலை, அதில் சந்தேகமில்லை. பவர் என்று சொல்லி விற்பதுதான் இடிக்கிறது. ரீபோர் செய்த வண்டி பறக்கிறது என்றால், புது ரிங்கு கம்ப்ரஷனை மீட்டதால்தான் பறக்கிறது.

இரண்டாவது, வடிகட்டிப் பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு ஃபில்டர் மாட்டுவது. இதைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. அது பானெட்டுக்குள் இருக்கும் சூட்டுக் காற்றைத்தான் குடிக்கிறது. காற்று 10 டிகிரி சூடானால் அடர்த்தி நூற்றுக்கு மூன்று குறையும். பானெட்டுக்குள் வெளியைவிட 20 டிகிரி கூடுதல் என்றால் இரண்டு குதிரை போய்விடும். தறிப் பஞ்சும் கோழித் தீவனத் தூசியும் பறக்கிற ஊரில் மலிவான கூம்பு எதை உள்ளே விடும் என்பதையும் யோசிக்க வேண்டும். உறிஞ்சும் சத்தம் மட்டும் கூடும். காதுக்கு அதுதான் பவர்.

மூன்றாவது, ஹெட்டை இழைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டுவது. இதில் உண்மையான வித்தை இருக்கிறது. 8.7-க்கு 1 என்ற விகிதத்தில் ஒரு மில்லிமீட்டர் இழைத்தால் ஒன்பதரையைத் தொடலாம், ஒவ்வொரு சொட்டு பெட்ரோலிலிருந்தும் கொஞ்சம் கூடுதல் வேலையைப் பிடுங்கலாம். அளவு தப்பினால் தட்டல் வரும், பிஸ்டன் ஓட்டையாகும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தட்டலைத் தாங்கும் என்பதால் இழைத்த ஹெட்டுக்கு அது ஒரு வகையில் தோழன். ஆனால் அதை முழுதாய் எரிக்கக் காற்று குறைவாகப் போதும். அதனால் பழைய பெட்ரோலுக்கு அளந்த கார்புரேட்டர் ஜெட்டில் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். பழைய ரப்பர் குழாய்களும் வெடிக்கும். ஆக, ஜெட்டை ஒரு நம்பர் கூட்டுவது இன்றைக்கு இழந்ததைத் திரும்பப் பெறும் வேலை. மெக்கானிக்குகளில் சிலர் இதைப் புரிந்து செய்கிறார்கள். இந்த வழக்கத்தின் மதிப்பு என்று நான் கருதுவது இந்த மீட்பு வேலையைத்தான். வால்வைத் தேய்த்து உட்காரவைப்பது, கிழிந்த வேக்குவம் டயாஃப்ரத்தைக் கண்டுபிடிப்பது, முழுதாகத் திறக்காத ஆக்சிலேட்டர் கேபிளை இழுத்துக் கட்டுவது, பிடித்துக்கொண்டு கிடக்கும் பின் பிரேக்கை விடுவிப்பது. முப்பது வயது வண்டியில் தொலைந்துபோன குதிரைகளில் பாதி இங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆசை இத்தோடு நிற்காது. ஜென்னின் 993 சி.சி. எஞ்சினையோ எஸ்டீமின் 1,298 சி.சி. எஞ்சினையோ 800-க்குள் இறக்குபவர்கள் உண்டு. எடை குறைந்த வண்டியில் 65 குதிரை என்றால் சிரிப்பு வரும் அளவுக்கு வேகம். ஆனால் அந்தப் பன்னிரண்டு அங்குலச் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் 37 குதிரைக்காக வடித்தது. 80-ல் நிறுத்துவதைவிட 100-ல் நிறுத்த ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தியை பிரேக் விழுங்க வேண்டும். பிரீமியர் பத்மினிக்குப் பவர் ஏற்ற நினைப்பவர் இன்னும் தள்ளி யோசிக்க வேண்டும். அதில் நான்கு சக்கரத்திலும் டிரம். இங்கிலாந்தில் 1961-ல் ஜான் கூப்பர் மினியின் 34 குதிரையை 55 ஆக்கியபோது கூடவே முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் வந்தது. நம் பட்டறைச் சீட்டில் எஞ்சின் ஒரு வரி, சைலன்சர் ஒரு வரி. பிரேக்குக்கு வரி இருக்காது.

இதே மண்ணில் வேறு வழியில் யோசித்தவர் ஒருவர் இருந்தார். எஸ். கரிவர்தன். சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் ஓட்டியவர், 1995-ல் விமான விபத்தில் மறைந்தவர். செட்டிபாளையத்தில் 2003-ல் திறந்த பந்தயத்தளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1980-களின் கடைசியில் அவர் உருவாக்கிய ஃபார்முலா மாருதி பந்தயக் காரில் இருந்தது இதே 796 சி.சி. எஞ்சின்தான். அதைக் கசக்கிப் பிழியாமல், அதைச் சுற்றியிருந்த காரைத் தூக்கி எறிந்தார். கதவில்லை, கூரையில்லை, பின் சீட்டில்லை, ஒரே ஓர் இருக்கைதான். அதே குதிரைகளுக்கு இழுக்க வேண்டிய சுமை குறைந்துபோனது. நரேன் கார்த்திகேயன் பந்தயம் பழகத் தொடங்கியது அந்த வகை வண்டியில்தான். இங்கே அளவுகோல் கடிகாரம். ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி என்று அது சொல்லும், உறுமலைக் கேட்டு ஏமாறாது.

சட்டம் இந்த விஷயத்தில் கறாராக இருக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் குறித்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றது. அதே ஆண்டு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றது. முன்கூட்டி அனுமதி வாங்கி அதே வகை எஞ்சினை மாற்ற வழி உண்டு, அதைப் பயன்படுத்துபவர் குறைவு. (ஐந்து ஹெச்.பி. என்று பதிந்த கிணற்று மின் இணைப்பில் ஏழரை ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆர்.சி. புத்தகமும் அப்படியொரு காகிதமாகத் தெரிகிறதோ என்னவோ.) எனக்குச் சட்டத்தின் மேலும் ஒரு குறை உண்டு. கேட்கிறவரைத் தடுக்கிறதே தவிர, செய்ததைச் சோதித்துச் சான்று தரும் வாசலை அது திறந்து வைக்கவில்லை. கோவை ஜெயம் நிறுவனம் டாடாவோடு கைகோத்து 2018-ல் டியாகோ ஜே.டி.பி.யைக் கொண்டுவந்தபோது 84 குதிரை 112 ஆனது, சஸ்பென்ஷனும் டயரும் சேர்ந்து மாறின, எல்லாம் சட்டத்துக்குள். அதுவும் 2020-ல் நின்றுவிட்டது. தெருமுனைப் பட்டறைக்கு அந்த வாசலும் கிடையாது.

இதற்காகப் பட்டறைக்காரர் திறனை அளக்கும் டைனோ மேடை வாங்க வேண்டியதில்லை. விடிகாலையில் ஆளில்லாத நேர் ரோடு ஒன்று, பக்கத்தில் கடிகாரத்தோடு ஓர் ஆள். மூன்றாவது கியரில் 40-லிருந்து 70 வரை எத்தனை நொடி என்று வேலைக்கு முன்னால் போக மூன்று முறை, வர மூன்று முறை. வேலை முடிந்த பிறகு அதே ரோட்டில், அதே ஆட்களோடு, மறுபடியும். இரண்டு எண்களையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். சைலன்சருக்கு மட்டும் காசு கொடுத்தவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.