இரங்கலுரையில் காணாமற்போகும் மனிதர்

பெரியவர் ஒருவர் மறைந்த மறுநாள் நாளேடுகளைப் புரட்டினால், ‘ஈடுசெய்ய இயலாத இழப்பு’ என்னும் தொடர் இரண்டு மூன்று இடங்களிலாவது கண்ணில் படும். பிறந்த ஊர், வகித்த பதவிகள், பெற்ற விருதுகள் என்று கட்டுரை ஒழுங்காக நடந்து முடியும். பெயரை மாற்றிவிட்டால் அடுத்தவருக்கும் அது பொருந்தும். அடக்கத் திருப்பலிகளில் இத்தகைய மறையுரைகளை நானும் நிகழ்த்தியவனே. உபதேசியார் ஒருவரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மாலையில் அவருடைய மனைவியார் என்னிடம், “நல்லாத்தான் பேசினீங்க சாமி. ஆனா வேற யாரையோ பத்திக் கேட்ட மாதிரி இருந்துச்சு” என்றார். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

இறந்தோரைப் பழித்தல் ஆகாது என்பது நல்ல மரபு. ஆயினும் அம்மரபின் பெயரால் நாம் மறைப்பது குறைகளை மட்டுமன்று; அவருடைய கடனையும் நோயையும் பிடிவாதத்தையும் சிரிப்பையும் சேர்த்தே புதைத்துவிடுகிறோம்.

இவ்வகையில் தமிழில் எனக்கு உரைகல்லாக இருப்பது உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரைப் பற்றி எழுதிய ‘ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம்’. மகாவித்துவான் 1876ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள் மறைந்தார். நூலின் முதற்பாகம் 1933இலும் இரண்டாம் பாகம் 1934இலும் வெளிவந்தன. ஆசிரியர் கண்மூடியபோது மாணவருக்கு 21 வயது நிரம்பவில்லை. சரித்திரம் எழுதியபோதோ எண்பதை நெருங்கியிருந்தார். அறுபது வயதில் மறைந்த ஆசிரியரைவிட மாணவர் மூத்தவராகிவிட்ட பின்னர் எழுதிய இரங்கலுரை அது. அந்த நிதானம் மறுநாள் நாளேட்டுக்கு வாய்க்காதுதான்.

ஐயரின் குருபக்தி அளவற்றது. எனினும் அப்பக்தி அவருடைய கண்ணைக் கட்டவில்லை. பொருளைப் போற்றி வைக்கத் தெரியாத கவிஞர், கடனால் வருந்துகின்ற குடும்பத்தலைவர், நோயிலும் பாடம் சொல்வதை விடாத ஆசான் ஆகிய எல்லாரும் நூலில் இருக்கின்றனர். வறுமையைச் சொல்வதால் ஆசிரியரின் மதிப்புக் குறையும் என்று மாணவர் அஞ்சவில்லை.

நூலில் குறை இல்லாமல் இல்லை. உதவிய பிரபுக்களின் பெயர்களும் இடையிடையே வரும் செய்யுட்களும் இன்றைய வாசகரைச் சோர்வடையச் செய்யும். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. பிள்ளையவர்கள் பாடிய தலபுராணங்கள் கவிதையாக எத்தகையவை என்ற வினாவை ஐயர் எழுப்புவதே இல்லை. மாணவரிடம் அதை எதிர்பார்ப்பதும் முறையன்றோ என்னவோ. அப்புராணங்களை இன்று படிப்போர் மிகச் சிலர். பல்லாயிரம் செய்யுள் பாடிய ஒருவர், மாணவரின் உரைநடையால் வாழ்கின்றார்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது திருவாவடுதுறையில் நிகழ்ந்த இறுதி இரவை. சவேரிநாத பிள்ளை என்னும் கிறிஸ்தவ மாணவர் ஆசிரியரைத் தம் மார்பில் சார்த்தித் தாங்கியிருக்கின்றார். அருகில் சாமிநாதையர் திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசிக்கின்றார். சைவ மடத்தைச் சார்ந்த புலவரின் கடைசி மூச்சு ஒரு கிறிஸ்தவரின் மார்பின்மேல் அடங்குகிறது. (நம் மாயூரம் வேதநாயகம் பிள்ளைமீது ‘குளத்தூர்க் கோவை’ பாடிய புலவர்தாம் அவர்.) சமய ஒற்றுமை என்று ஐயர் அங்கே ஒரு சொற்பொழிவு ஆற்றவில்லை. யார் எங்கே அமர்ந்திருந்தார், யார் எதைப் படித்தார் என்பதைச் சொல்லிவிட்டு அமைகின்றார். நானாக இருந்தால் அவ்விடத்தில் ஒரு பக்கமேனும் பேசியிருப்பேன். அவ்வளவு பேச்சுக்கு நடுவே சவேரிநாதரின் பெயர் விடுபட்டும் போயிருக்கும்.