முன்னோர் புகழும் உண்மையின் கடனும்

முன்னோரைப் போற்றி எழுதுவது எளிது. தூற்றி எழுதுவது அதனினும் எளிது. நெஞ்சார நேசித்துக்கொண்டே அவர்தம் குற்றத்தையும் ஏட்டில் ஏற்றுவதுதான் அரிது. அமெரிக்காவின் மார்மன் சமூகத்தில் தோன்றிய ஜுவானிடா புரூக்ஸ் அம்மையார் (1898–1989) அவ்வரிய பணியைச் செய்தவர்.

நெவாடா மாநிலத்துப் பங்கர்வில் என்னும் சிற்றூர் அவர் பிறந்த மண். 1982-ல் வெளிவந்த ‘புதைமணலும் கள்ளியும்’ என்னும் அவரது நினைவு நூலில் அவ்வூர் உயிர்பெற்று எழுகின்றது. 1847-ல் பிரிகாம் யங் தலைமையில் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த மக்கள், பின்னாளில் தெற்குப் பாலைக்கும் குடியேற அனுப்பப்பட்டனர். வர்ஜின் ஆற்றுக்கு அணையிடுவர், வெள்ளம் அதனை வாரிச் செல்லும், மீண்டும் இடுவர். அத்தகைய உழைப்பாளருள் ஒருவரே அம்மையாரின் பாட்டனார் டட்லி லெவிட். அவர் வரலாற்றைப் பேத்தியே 1942-ல் நூலாக்கினார். பாசம் ததும்பும் நூல்தான்.

ஆனால் அவரை அலைக்கழித்த செய்தி வேறொன்று உண்டு. 1919-ல் அவர் இளம் ஆசிரியை. நீஃபை ஜான்சன் என்னும் முதியவர், தம் கண்கள் கண்டதை எழுதித்தர வேண்டுமென அவரைக் கேட்டிருந்தார். ‘பிறகு பார்ப்போம்’ என்றிருந்துவிட்டார் ஆசிரியை. மரணப் படுக்கைக்கு அவர் சென்றபோது காலம் கடந்துவிட்டது. முதியவர் நினைவு தடுமாறி, இரத்தம் இரத்தமென்று அலறிக்கொண்டிருந்தார்.

1857 செப்டம்பர் 11-ல் மவுண்டன் மெடோஸ் புல்வெளியில் நிகழ்ந்ததே அவர் கண்டது. ஆர்கன்சாஸிலிருந்து வந்த பயணிகளை முற்றுகையிட்டு, வெள்ளைக்கொடி காட்டி, பாதுகாப்பளிப்பதாக வாக்களித்து, ஆயுதங்களைக் களையச் செய்தபின் மார்மன் படையினர் கொன்றனர். பையூட் பழங்குடியினர் சிலரும் உடன் இருந்தனர். மாண்டோர் ஏறத்தாழ 120 பேர். எஞ்சியோர் 17 குழந்தைகள். தம் பாட்டனாரும் அக்களத்தில் இருந்தவரே என்பதை அம்மையார் அறிய நேர்ந்தது.

1950-ல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ‘மவுண்டன் மெடோஸ் படுகொலை’ நூலில் அவர் சாட்சியங்களை ஒன்றோடொன்று மோதவிட்டு எடைபோடும் முறை நம் உள்ளத்தைக் கவர்கின்றது. இன்னார் எப்போது சொன்னார், யாரைக் காக்கச் சொன்னார் என்று கேளாமல் ஒரு கூற்றையும் அவர் ஏற்பதில்லை. பிரிகாம் யங் கொலைக்கு ஆணையிட்டதாக அவர் கருதவில்லை. எனினும் தலைவர்களின் அனல்பறக்கும் பேச்சு அதற்கு வழிவகுத்தது என்றும், பின்னர் உண்மை மறைக்கப்பட்டது என்றும் கூறத் தயங்கவில்லை.

குறையும் உண்டு. பையூட்டுகளின் நாவிலிருந்து பெற்ற சாட்சியம் நூலில் மிகக் குறைவு. அதனால் அவர்கள் மீது சுமத்தப்பட்ட பழி, உள்ளதினும் பெரிதாகவே தங்கிவிட்டது. பிற்கால ஆய்வாளர் இதனைத் திருத்தியுள்ளனர்.

இவ்வளவும் எழுதியவர் தம் சபையை விட்டு விலகவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. இஸ்திரிப் பலகையை விரித்தே வைத்திருப்பாராம். அண்டை வீட்டார் வந்தால் தட்டச்சுப் பொறியின்மேல் துணிகளைப் போட்டு மூடிவிடுவாராம்! வீட்டுப் பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பாரிடமிருந்து தப்பும் வழி அது.

அப்படுகொலைக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஜான் டி. லீ ஒருவரே, 1877-ல் அதே புல்வெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பழி முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டனர் என்று அம்மையார் வாதிட்டார். 1961-ல் சபை லீயின் உறுப்புரிமையை மீட்டளித்தது. அச்செய்தியை வெளியிட வேண்டாமென அவரை வற்புறுத்தினர். லீயின் வரலாற்று நூலில் அவர் அதனை அச்சிட்டே விட்டார்.