வலையிலிருந்து விடுவிக்கும் கை

வடக்கனந்தலிலிருந்து கோமுகி அணைப் பக்கம் நடக்கும்போதெல்லாம் என் கண் தானாகவே ஒரு வேலையில் இறங்கிவிடும். இந்த இரண்டு புதர்களுக்கும் நடுவே வலை கட்டலாமா? ஆடுமாடு இந்த வழியாகத் தண்ணீருக்கு இறங்குமா? கல்வராயன் மலை மேற்கே நிற்கிறது. அதனால் சூரியன் எழுந்த சற்று நேரத்திலேயே அடிவாரத்தில் வெயில் விழுந்துவிடும். வெயில் பட்ட வலை பறவையின் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படியானால் கிழக்கே மறைப்புள்ள இடமாகப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கத்தை எனக்கு ஒட்டவைத்தது கோடியக்கரை. பறவைகளுக்குக் கால்வளையம் இடுவதை அங்கே ஒருமுறை அருகிருந்து பார்த்தவருக்கு, எந்தப் புதரும் பிறகு வெறும் புதராகத் தெரியாது.

வளையமிடுதலை அறிவியல் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். அறிவியல்தான், சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன்னால் அது ஒரு கைவேலை.

1899-இல் டென்மார்க்கின் வீபோர்க் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த மார்ட்டென்சன், மைனா குடும்பத்தைச் சேர்ந்த பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை மாட்டினார். முன்பு துத்தநாகத்தில் செய்து பார்த்திருந்தார். அது பறவைக்குக் கனமாக இருந்ததால் கைவிட்டார். பறவைக்குப் பாரமாக இருப்பதை விட்டுவிடுவது இந்தக் கலையில் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

நம் நாட்டில் இது பெரிய அளவில் நடந்ததற்கு ஒரு நோய்தான் காரணம். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன, மனிதர்களுக்கும் காய்ச்சல் பரவியது. சைபீரியாவிலிருந்து வரும் பறவைகள் உண்ணி வழியாக நோயைக் கொண்டுவருகின்றனவா என்ற கேள்வி எழுந்தது. அதையொட்டி 1959-இல், உலக சுகாதார அமைப்பின் ஆதரவோடு, சாலிம் அலியின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவை ஆய்வைத் தொடங்கியது. கோடியக்கரை அந்தக் கழகத்தின் முக்கியமான களமாயிற்று. பீகாரின் மீர்ஷிகார் எனப்படும் பரம்பரைப் பறவை பிடிப்பவர்களின் திறமையும் இந்தப் பணிக்குள் வந்தது. அவர்களில் அலி ஹுசைன் பெயர் பறவை ஆய்வாளர்கள் எல்லோருக்கும் தெரியும். சந்தைக்காகப் பறவை பிடித்த பரம்பரையின் கைப்பழக்கம், பிடித்ததை நோகாமல் பறக்கவிடும் வேலைக்குத் திரும்பியதை நான் பெரிய செய்தியாகவே நினைக்கிறேன்.

புதிய இடத்தில் வளையமிடும் முதல் நாள் என்பது வலை விரிப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. வனத்துறையின் அனுமதி வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, அனுமதியில்லாமல் காட்டுப்பறவையைப் பிடிப்பது குற்றம். பிறகு இடம் பார்க்க வேண்டும். பறவை எந்தப் புதரிலிருந்து எதற்குப் போகிறது, தரையில் எறும்புப் புற்று இருக்கிறதா, காற்று எந்த நேரத்தில் கிளம்புகிறது என்று பொறுமையாகப் பார்த்துவைக்க வேண்டும். மிஸ்ட் நெட் என்பது ஏறத்தாழ 12 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள மெல்லிய கறுப்பு நூல் வலை. குறுக்கே நான்கைந்து கயிறுகள் ஓடும். கயிறுகளுக்கு நடுவே வலை தளர்ந்து பைபோலத் தொங்கும். மோதிய பறவை அந்தப் பையில் விழுந்து கிடக்கும். இழுத்துக் கட்டிவிட்டால் பறவை எகிறிப் போய்விடும். மிகத் தளர்த்தினால் நூலில் சுற்றிக்கொள்ளும்.

இனி விடுவிப்பு. வேலையின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

பிளித் நாணல் கதிர்க்குருவி ஒன்று சிக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு கிராம்கூடத் தேறாது. தேர்ந்தவர் உடனே தொடமாட்டார். அது எந்தப் பக்கமிருந்து வலைக்குள் வந்தது என்று முதலில் பார்ப்பார். வந்த வழியே திரும்ப எடுக்க வேண்டும் என்பதுதான் விதி. தொடையோரம் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கால்விரல்களில் சுற்றிய நூலை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். அடுத்தது இறக்கையின் மடிப்பு. தலை கடைசியில் வரும். பிடரியிலிருந்து அலகை நோக்கி நூலை வழித்துவிட்டால் பறவை கைக்குள் வந்துவிடும். சில பறவைகளுக்கு நாக்கில் நூல் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்ற மூச்சடக்கிய நிதானம் வேண்டும். நேரம் கடந்தால் கத்தரிக்கோலால் நூலை வெட்டிவிடுவார். வலை பாழாகுமே என்று தயங்குபவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

கையில் வைத்திருப்பதும் ஒரு பாடம். முதுகு உள்ளங்கையில் பதிய, கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே நிற்க வேண்டும். நெஞ்சை இறுக்கவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு அசைந்தால்தான் மூச்சு. அப்படிப் பிடித்தபடியே வளையத்தை இடுக்கியால் மூடுவார்கள். வளையம் ஓரிரண்டு அரிசிமணி எடைதான் இருக்கும். இறக்கையை அளந்து, துணிப்பையில் இட்டு நிறுப்பார்கள். நெஞ்சுக்கு மேல் இறகை மெல்ல ஊதினால் தோலுக்கடியில் கொழுப்பு மஞ்சளாகத் தெரியும். நெடும்பயணத்துக்குப் பறவை கட்டிக்கொண்ட கட்டுச்சோறு அதுதான். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்து, விரலைத் திறந்தால் பறவை போய்விடும்.

முதல் நாளில் நிறைய வலை கட்டும் ஆசை வரும். இரண்டு வலை போதும் என்பேன். அரைமணிக்கு ஒருமுறையாவது எல்லா வலையையும் சுற்றிப் பார்த்தாக வேண்டும். மழைத்துளி விழுந்தாலோ வெயில் ஏறினாலோ சுருட்டிவிட வேண்டும். பத்துப் பறவை கிடைத்து பத்தும் நலமாகப் பறந்தால் அதுவே நல்ல நாள்.

அந்த நாளின் மதிப்பும் அன்றைக்கே தெரியாது. புதிய இடத்தில் வருபவை எல்லாமே புதிய முகங்கள். அடுத்த ஆண்டு தை மாதத்தில், அதே புதரருகே, அதே எண்ணோடு ஒரு கதிர்க்குருவியோ ஆறுமணிக்குருவியோ திரும்பச் சிக்கும்போதுதான் முதல் நாள் நோட்டுப்புத்தகத்தின் ஒரு வரி பேசத் தொடங்கும். பசிபிக்கின் மிட்வே தீவில் 1956-இல் வளையமிடப்பட்ட ‘விஸ்டம்’ என்னும் ஆல்பட்ராஸ் பறவை, 2024-லும் முட்டையிட்டது. ஒரு பறவை எத்தனை ஆண்டு வாழும் என்பதை அந்த ஒரு வளையம் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

கோமுகிக் கரையில் மீன் பிடிப்பவர்களுக்கும், வெள்ளிமலைப் பக்கம் தேன் எடுப்பவர்களுக்கும், வயலில் வேலை செய்பவர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். காலில் வளையமுள்ள பறவை உயிரோடு தெரிந்தால் துரத்திப் பிடிக்காதீர்கள். இறந்து கிடந்தால், வளையத்தில் உள்ள எழுத்தையும் எண்ணையும் படமெடுத்து, இடத்தையும் தேதியையும் சேர்த்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கோ பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கோ தெரிவியுங்கள்.