மலைபடுகடாத்தில் மனிதரும் விலங்கும்: பொறியும் பூசலும்

சங்கத் திணைமரபை, மனிதர் இயற்கையோடு இயைந்து வாழ்ந்தமைக்குச் சான்றாகக் காட்டுவது அண்மைக்காலச் சூழலியல் திறனாய்வில் வழக்கமாகிவிட்டது. குறிஞ்சி பற்றிய கட்டுரைகளில் இப்போக்கு மிகுதி. பெருங்கௌசிகனாரின் மலைபடுகடாம் இக்கருத்துக்கு எளிதில் இடங்கொடுப்பதில்லை. 583 அடிகளையுடைய இப்பாட்டு, செங்கண்மாத் தலைவன் நன்னன்சேய் நன்னனிடம் கூத்தர் சுற்றத்தை ஆற்றுப்படுத்துவது. வழிகாட்டுவதே நோக்கமாதலின், எங்கே எவ்வகை அச்சம் உண்டு என்பது இதில் பயனுள்ள செய்தியாகவே இடம்பெறுகிறது.

அவ்வச்சங்களுள் இரண்டு கருதத்தக்கன. விளைபுனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிய குறவர், அது நுழையும் வழிதோறும் பெருங்கற்பொறிகளை அமைத்துள்ளனர். ஆதலின் இருளில் நடவாது விடிந்தபின் செல்லுமாறு கூத்தர்க்கு அறிவுறுத்தப்படுகிறது. பரண்மேல் நின்று யானைக்கூட்டத்தை விரட்டும் புனங்காவலரின் கவண்கற்களோ விசை குன்றாமல் வருவன. மரங்களை மறைவாகக் கொண்டே அவ்விடத்தைக் கடத்தல் வேண்டும். ஈரிடத்தும் வழிச்செல்வோர்க்கு ஊறு வருவது விலங்கைத் தடுக்க மனிதர் வகுத்த காவலால். பொறிக்குப் பன்றியும் கூத்தனும் ஒன்றே. மலையடிவாரங்களில் சட்டத்துக்குப் புறம்பாக இடப்படும் மின்வேலிகளில் யானைகளும் மனிதரும் மடிவதை அறிந்த இக்காலத்தார்க்கு இவ்வடிகள் அயன்மையாகத் தோன்றா.

300ஆம் அடியை அடுத்து வரும் ஒலிப்பட்டியல் இன்னும் நுட்பமானது. புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் மார்பை ஆற்றக் கொடிச்சியர் காப்பாகப் பாடுகின்றனர். அப்புண் விழுப்புண் எனப்படுகிறது. திருக்குறள் (776) போர்மறவன் புண்ணுக்கு வழங்கும் சொல் அது. காயமுற்றவனை இசையால் காக்கும் வழக்கமும் புறநானூறு 281இல் போர்க்களம் சார்ந்தே வருகிறது. புலி இங்கே ஒத்த பகைவனாக மதிக்கப்படுகிறது என்று கொள்ளலாம். அடுத்த ஒலி, வேங்கை பூத்தபோது மலைவாழ்நர் எழுப்பும் மகிழ்ச்சிப் பூசல். வேங்கைப்பூக் கொய்யும் மகளிர் ‘புலி’ எனக் கூவும் மரபை அகநானூறு 48 காட்டுகிறது; அங்கே அக்கூச்சலை மெய்யென நம்பி வில்லோடு வருபவன் தலைவனாகிறான். மெய்ப்புலி தந்த புண்ணையும் பொய்ப்புலி தந்த விளையாட்டையும் பெருங்கௌசிகனார் அடுத்தடுத்து நிறுத்துகிறார். இவ்வைப்புமுறை தற்செயலானது எனல் பொருந்தாது. நச்சினார்க்கினியர் முல்லைப்பாட்டில் செய்வதுபோல் அடிகளைப் பிரித்துக் கூட்டிப் பொருள் கொண்டால் இவ்வடுக்கு சிதைந்துவிடும்.

பட்டியல் அத்துடன் நிற்கவில்லை. புலி பாய்ந்தமையால் கன்றையுடைய பிடி தன் கிளையொடு இடியென முழங்குகிறது. பிளவில் வீழ்ந்த குட்டிக்காக மந்தி தன் சுற்றத்தோடு அரற்றுகிறது. வேங்கை பூத்த மகிழ்ச்சிக்கு வழங்கிய பூசல் என்னும் சொல்லே மந்தியின் துயருக்கும் வழங்கப்படுகிறது. புலியால் துன்புறுவதிலும் உறவொடு கூடி அழுவதிலும் மனிதர்க்குத் தனியிடம் தரப்படவில்லை. இதனை இயைபு என்பதினும் பொதுவான இழப்பு என்பதே பொருந்தும்.

பாட்டின் பெயரும் இவ்வாசிப்புக்குத் துணை நிற்கிறது. மலை யானையாகவும், அதில் எழும் ஓசைகள் அதன் மதமாகவும் உருவகிக்கப்படுகின்றன. கொடிச்சியரின் காப்புப் பாடலும் அம்மதத்துள் அடக்கம்.