ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம்

உங்கள் வீட்டில் முதுகலை படிக்கும் அண்ணனோ அக்காளோ இருந்தால், அவர்களுடைய ஆய்வேட்டை ஒருமுறை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். முதல் அத்தியாயம் முன்னுரை. மூன்றாம் அத்தியாயம் செய்முறை. இவ்விரண்டுக்கும் நடுவே, எழுதியவரும் அச்சடித்தவரும் தவிர வேறு எவரும் படிக்காத இரண்டாம் அத்தியாயம் ஒன்று இருக்கும். அதற்கு 'இலக்கிய மீளாய்வு' என்று தலைப்பு இட்டிருப்பார்கள். கம்பனையும் இளங்கோவையும் தேடிக்கொண்டு உள்ளே நுழைந்தால் ஏமாந்து போவீர்கள். எடுத்துக்கொண்ட பொருளைப் பற்றி இதற்கு முன் யார் யார் என்னென்ன ஆராய்ந்தார்கள் என்று கூறும் பகுதி அது. ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்ததால் வந்த வினை இந்தத் தலைப்பு. 'முன்னாய்வுகள்' என்றால் போதும். நான் அப்படியே வழங்கப் போகிறேன்.

இந்த அத்தியாயம் நம் கல்லூரிகளில் எழுதப்படும் முறை எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அதன் நடை எப்படி இருக்கும் தெரியுமா? 'இன்னார் (2004) ஏரி நீர் ஆவியாதலை ஆராய்ந்தார். இன்னார் (2007) தமிழ்நாட்டில் ஆவியாதலை ஆராய்ந்தார். இன்னாரும் பிறரும் (2011) வெப்பநிலைக்கும் ஆவியாதலுக்கும் தொடர்பு உண்டு எனக் கண்டனர்.' பத்தி பத்தியாக இதே கதிதான். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். பெயர், ஊர், தொகை. பெயர், ஊர், தொகை. மொய் நோட்டுக்கு அது பொருத்தமான அமைப்பு. யார் எவ்வளவு செய்தார் என்பதைத் தவிர அதனிடம் நாம் வேறொன்றும் கேட்பதில்லை. ஆனால் முன்னாய்வு அத்தியாயத்திடம் நாம் கேட்பது வேறு. இந்தக் கேள்விக்கு இதுவரை கிடைத்த விடை என்ன? விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றனவா? முரண்பட்டால் ஏன்? எந்த இடத்தில் இன்னும் விடையே இல்லை? மொய் நோட்டு இதில் ஒன்றுக்கும் பதில் சொல்லாது.

'வெறும் சடங்குதானே, அதற்குப்போய் இவ்வளவு கோபமா?' என்று நீங்கள் கேட்கலாம். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மேலூர்ப் பக்கத்து மாணவி ஒருவர் என்னிடம் ஆய்வேடு எழுத வந்தார். கோடையில் கண்மாய் நீர் எவ்வளவு ஆவியாகிப் போகிறது என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். நல்ல பொருள். வைகைச் சமவெளியில் கண்மாயை நம்பிப் பயிர் செய்யும் எவருக்கும் அதன் அருமை தெரியும். வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரும்புத் தொட்டியை வைத்து, நாள்தோறும் காலையில் நீர்மட்டம் எவ்வளவு இறங்கியது என்று அளந்து குறித்து வந்தார். இரண்டு மாதக் கணக்கு, ஒருநாள் விடவில்லை. இரண்டாம் அத்தியாயத்தையும் எழுதிக்கொண்டு வந்தார். "இருபத்திரண்டு கட்டுரை சார், வருஷ வரிசையிலே அடுக்கிட்டேன்" என்றார் பெருமையோடு. ஆய்வேடு கொடுக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது.

தொட்டியில் இறங்கிய அளவே கண்மாயிலும் இறங்கும் என்று வைத்துக்கொண்டு அவர் முடிவுரை எழுதியிருந்தார். அங்கேதான் தவறு. தொட்டியின் இரும்புச் சுவர் வெயிலில் சூடேறி நீரையும் சூடாக்கும். சுற்றியுள்ள மாடியின் உலர்ந்த அனல்காற்று அந்தச் சிறு நீர்ப்பரப்பின் மேல் ஓயாமல் வீசும். ஆகவே தொட்டி நீர் விரைவாக ஆவியாகும். ஏரி போன்ற பெரிய நீர்ப்பரப்பில் ஆவியாவது, தொட்டியில் ஆவியாவதில் ஏறத்தாழப் பத்தில் ஏழு பங்குதான் என்பது நெடுநாளாக வழங்கிவரும் கணக்கு. தொட்டியில் 10 மில்லிமீட்டர் இறங்கினால் கண்மாயில் சுமார் 7 மில்லிமீட்டர். வேறுபாடு 3 மில்லிமீட்டர்தானே என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு ஹெக்டேர் பரப்பில் 1 மில்லிமீட்டர் என்பது 10,000 லிட்டர். 40 ஹெக்டேர்க் கண்மாய்க்கு நாளொன்றுக்கு 12 லட்சம் லிட்டர் பிசகு வரும்! அந்தக் கணக்கை நம்பி ஒருவர் மடையைத் திறந்து மூடினால் என்ன ஆகும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த உண்மை அவருடைய இருபத்திரண்டு கட்டுரைகளுக்குள்ளேயே இருந்தது. சில கட்டுரைகள் தொட்டியை அளந்தவை. சில, ஏரிக்கு வரும் நீரையும் போகும் நீரையும் கணக்கிட்டவை. தொட்டிகளிலும் ஒரே மாதிரி இல்லை. பறவையும் கால்நடையும் வாய் வைக்காமல் இருக்க நம் நாட்டில் தொட்டியின்மேல் கம்பிவலை மூடுவது வழக்கம். அந்த வலை ஆவியாதலைச் சற்றுக் குறைத்துவிடும். மூன்று வகை அளவுகள், மூன்று வகை விடைகள். ஆண்டு வரிசையில் அடுக்கியபோது 2004-க்கும் 2011-க்கும் நடுவே அவை கலந்து போயின. படித்தவர் அவர்தான், படித்தும் கண்ணில் படவில்லை. அடுக்கிய முறை அதை மறைத்துவிட்டது.

சரி, ஒழுங்காக அமைந்த ஒன்றைக் காட்டுங்கள் என்பீர்கள். அவரிடம் நான் காட்டியதையே உங்களுக்கும் காட்டுகிறேன்.

1943 ஜனவரியில், அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'ரிவ்யூஸ் ஆப் மாடர்ன் பிஸிக்ஸ்' என்ற இதழில், முதல் பக்கத்தில் தொடங்கி 89-ஆம் பக்கம் வரை ஒரே கட்டுரை வந்தது. இயற்பியலிலும் வானியலிலும் தற்செயல் நிகழ்ச்சிகள் எழுப்பும் சிக்கல்கள் என்பது அதன் பொருள். எழுதியவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். பிற்காலத்தில், 1983-இல், நோபல் பரிசு பெற்றவர். அப்போது யெர்க்ஸ் வானாய்வகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். வயது 32. (இதை எழுதும் எனக்கு அதைவிட வயது கூடுதல் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.) இந்தக் கட்டுரை 1954-இல் நெல்சன் வாக்ஸ் தொகுத்த ஒரு நூலில் மறுபடியும் அச்சாயிற்று. இன்றும் ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள்.

அது முழுக்க முழுக்க முன்னாய்வுக் கட்டுரை. ஆனால் அதில் ஆண்டு வரிசை என்பதே இல்லை. தலைப்புகளில் ஆள் பெயர் வரும் இடங்களிலும், அது பெரும்பாலும் ஒரு சமன்பாட்டின் பெயராகவோ ஒரு முறையின் பெயராகவோ வரும். நான்கு அத்தியாயங்கள். முதலாவது, தற்செயல் நடை. கண்ணைக் கட்டிக்கொண்டு தமுக்கம் மைதானத்தின் நடுவில் நின்று, ஒவ்வொரு காலடிக்கும் ஏதோ ஒரு திசையில் திரும்பி நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 100 காலடி நடந்த பிறகு புறப்பட்ட இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பீர்கள்? ஏறத்தாழ 10 காலடி தூரத்தில். 10,000 காலடி நடந்தால் 100. இந்தக் கேள்வியை 1905-இல் 'நேச்சர்' இதழில் கேட்டவர் கார்ல் பியர்சன். பதில் சொன்னவர் ராலே பிரபு. சந்திரசேகர் இந்த வரலாற்றிலிருந்து தொடங்கவில்லை; கேள்வியிலிருந்தே தொடங்குகிறார். அதுவும் ஒரே நேர்கோட்டில் முன்னும் பின்னும் நடக்கும் மிக எளிய நிலையை முதலில் எடுத்துக்கொள்கிறார்.

இரண்டாம் அத்தியாயம் பிரௌனியன் இயக்கம். நீரில் மிதக்கும் நுண்துகளை நீர் மூலக்கூறுகள் இடித்துத் தள்ளுவதால் அது தள்ளாடும் நடை. மூன்றாவது கூழ்மங்கள். நான்காவது, விண்மீன்கள் ஒன்றையொன்று ஈர்க்கும் விசையில் உண்டாகும் ஏற்ற இறக்கம். கூழ்மத் துகளுக்கும் விண்மீனுக்கும் என்ன உறவு என்று தோன்றுகிறதல்லவா? இரண்டிலும் எண்ணற்ற சிறு காரணங்கள் சேர்ந்து ஒரு விளைவைத் தருகின்றன. இரண்டையும் ஒரே கணக்கு முறையால் ஆராயலாம். இதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிடுகிறார். வாசகருக்கு எதற்காக இத்தனை பக்கம் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி பற்றி ஒரு பழைய சண்டை உண்டு. மூலக்கூறுகளின் இயக்கம் முன்னும் பின்னும் ஒன்றுபோல நிகழக்கூடியது. அப்படியிருக்க, பரவிய வாயு தானாக ஒரு மூலையில் ஏன் மறுபடி கூடுவதில்லை? போல்ட்ஸ்மனை எதிர்த்து 1876-இல் லோஷ்மிட் கேட்டார். 1896-இல் செர்மெலோ கேட்டார். நம் மாணவராக இருந்தால் 'லோஷ்மிட் (1876) எதிர்த்தார், செர்மெலோ (1896) எதிர்த்தார்' என்று இரண்டு பத்தியோடு முடித்திருப்பார். சந்திரசேகர், ஸ்மொலுகோவ்ஸ்கியின் கணக்கிலிருந்து சிறிய அட்டவணை ஒன்றை எடுத்து வைக்கிறார். சாதாரண வெப்பநிலையில் உள்ள ஆக்சிஜனில் ஒரு கோள வடிவ இடத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை, சராசரியிலிருந்து நூற்றுக்கு ஒன்று விலகுவது எத்தனை காலத்துக்கு ஒருமுறை நிகழும்? கோளத்தின் ஆரம் ஒரு லட்சம் சென்டிமீட்டரில் இரண்டரைப் பங்கு... இல்லை, தவறு, ஒரு சென்டிமீட்டரை ஒரு லட்சம் கூறாக்கி அதில் இரண்டரைக் கூறு என்றால், ஒரு விநாடிக்கு ஒருமுறை. மூன்று கூறு என்றால் பத்து லட்சம் விநாடிக்கு ஒருமுறை, அதாவது பதினோரு நாளுக்குச் சற்று மேல். ஐந்து கூறு என்றால் 1-க்குப் பின் 68 சுழி போட்ட விநாடிகள். ஆரம் முழுதாக ஒரு சென்டிமீட்டர் என்றாலோ, 1-க்குப் பின் கோடி கோடிச் சுழிகள்! பேரண்டத்தின் வயதை விநாடியில் எழுதினால் 18 இலக்கம்தான் வரும்.

ஐந்தே வரி அட்டவணை. இருபது ஆண்டுச் சண்டை அதில் அடங்கிவிடுகிறது. எதிர்த்தவர்கள் சொன்னதும் சரி, போல்ட்ஸ்மன் சொன்னதும் சரி. நாம் எவ்வளவு பெரிய இடத்தை எவ்வளவு காலம் பார்க்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முன்னாய்வு எழுதுவது என்றால் இதுதான்.

சந்திரசேகர் கட்டுரையிலும் குறை இல்லாமல் இல்லை. மேற்கோள் விவரங்களைப் பெரும்பாலும் கடைசியில் தனிக் குறிப்புகளாகக் கொண்டுபோய் வைத்துவிட்டார். ஓட்டம் தடைப்படாமல் படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் முதல்முறை படிப்பவருக்கு, இது யார் கண்டது, இது இவருடையதா பிறருடையதா என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. விரலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டு பின்பக்கம் புரட்ட வேண்டியிருக்கிறது. மேலும், நான்காம் அத்தியாயத்தின் பெரும்பகுதி அவரும் வான் நாய்மனும் சேர்ந்து செய்த ஆய்வு. கூழ்ம அத்தியாயத்தில் நுண்ணோக்கியில் எண்ணிய எண்ணிக்கைகள் கணக்கோடு ஒப்பிடப்படுகின்றன. விண்மீன் அத்தியாயத்தில் அந்த அளவுக்கு அளந்தறிந்த சான்று இல்லை. ஆய்வாளர் தம் சொந்த ஆய்வுக்குக் கடைசி அத்தியாயத்தை ஒதுக்கும்போது வாசகர் கொஞ்சம் விழிப்பாக இருப்பது நல்லது, ஆய்வாளர் சந்திரசேகராகவே இருந்தாலும். ஆனால் ஒன்று: துகளின் தள்ளாட்டத்தையும் விண்மீனின் தள்ளாட்டத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த அதே 1943-ஆம் ஆண்டில்தான், விண்மீனின் ஓட்டத்தையும் ஒருவகை உராய்வு தடுக்கும் என்ற தம் புகழ்பெற்ற ஆய்வை அவர் வெளியிட்டார். எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பது எழுத்து வேலை மட்டும் அன்று.

நம் ஆய்வேடுகளுக்கு வருவோம். இடப்பக்க ஓரம் ஒன்றரை அங்குலம் இருக்கிறதா, ஆண்டு அடைப்புக்குள் இருக்கிறதா, கமா போட்டதா என்பதை ஸ்கேல் வைத்துப் பார்க்கிறோம். மேற்கோளுக்கு எண் இடுவதா, பெயரும் ஆண்டும் இடுவதா என்று துறைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் வாதாடுகிறோம். ஏதேனும் ஒன்றைக் கடைசிவரை மாறாமல் பின்பற்றினால் போதும். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று, 'சென்று தேய்ந்து இறுதல்' ஒன்று. இவ்விரண்டும் நம் இரண்டாம் அத்தியாயங்களில் பக்கத்துக்குப் பக்கம் கிடக்கின்றன. அவற்றுக்கு மதிப்பெண் குறைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இப்போது கணினியிடம் கேட்டால் நொடியில் நாற்பது கட்டுரைகளின் சுருக்கத்தைத் தந்துவிடுகிறது. மொய் நோட்டு இன்னும் தடிமனாகிறது.

அந்த மாணவியை நான் எழுதியதைக் கிழிக்கச் சொல்லவில்லை. ஒரு பெரிய தாளில் கட்டம் போடச் சொன்னேன். எந்த ஊர், எந்த நீர்ப்பரப்பு, எந்தக் கருவி, வலை உண்டா இல்லையா, எத்தனை நாள், என்ன விடை. இருபத்திரண்டு கட்டுரைக்கும் இருபத்திரண்டு வரி. மூன்றாம் நாள் வந்து தாளை மேசைமேல் விரித்தார். எதுவும் பேசவில்லை; 'கருவி' என்ற கட்டத்தின்மேல் மட்டும் விரலை வைத்தார். முரண்பட்டவை என்று அவர் எழுதியிருந்த விடைகளில் பெரும்பாலானவை, கருவிவாரியாகப் பிரித்தபோது ஒத்துப்போயின.

அதன்பின் அத்தியாயம் தானாகவே பிரிந்தது. தொட்டி என்ன சொல்கிறது, ஏரி என்ன சொல்கிறது, இரண்டையும் இணைக்கும் எண் எவ்வளவு உறுதியானது, நம் ஊர்க் கண்மாய்க்கு அது பொருந்துமா. முதல் பத்தியில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை தேடினேன், எதை விட்டுவிட்டேன் என்று நான்கு வரி. பதினெட்டுப் பக்கம் ஒன்பதாயிற்று. முடிவுரையில் பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

கட்டத்தில் ஒரு பத்தி மட்டும் காலியாகவே கிடந்தது. நீர்ப்பரப்பைத் தாமரையோ ஆகாயத்தாமரையோ மூடியிருந்தால் ஆவியாதல் கூடுமா, குறையுமா? அவர் சேர்த்த இருபத்திரண்டில் ஒன்றுகூட அதை அளக்கவில்லை. அவர் ஊர்க் கண்மாயோ பாதி தாமரை. மறுவாரமே மொட்டை மாடியில், பழைய தொட்டிக்குப் பக்கத்தில், அதே அளவில் இன்னொரு தொட்டி ஏறியது. கண்மாயிலிருந்து தாமரைக் கிழங்கைச் சேற்றோடு தோண்டிவந்து அதில் நட்டவர் அவருடைய தகப்பனார்.